ஃபோர்மட் பண்ணச் சொல்கிறவர்களுக்கு

"சேர், டிஸ்க் போயிட்டு. ஃபோர்மட் பண்ணித்தான் ஆகணும்."

நேற்று எங்கள் கணினி ஆய்வுகூடத்தில் நின்று ஒருவர் இப்படிச் சொன்னார். மூன்று வருடத் தவணைப் புள்ளிகளும் தரம் 11 பிள்ளைகளின் செயற்திட்டங்களும் அந்த சேர்வரில்தான் கிடக்கின்றன. ரெய்ட் 1 போட்ட மெஷின். ஒரு டிஸ்கில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும் என்று சொல்லித்தானே இரண்டு டிஸ்குக்கும் காசு வாங்கினீர்கள்? பிறகு எதற்கு நானா ஃபோர்மட்?

விஷயம் சின்னது. லினக்ஸில் வழமையாக மிரர் பண்ணுவது பார்டிஷன்களைத்தான். பழைய பயோஸ் மெஷினில், கொம்பியூட்டரை எழுப்பும் கிரப்பின் முதல் துண்டு டிஸ்கின் முதல் 512 பைட்டுக்குள், பார்டிஷன்களுக்கு வெளியே இருக்கிறது. அது மிரரில் சேராது. இன்ஸ்டோல் பண்ணியவர் முதல் டிஸ்கில் மட்டும் கிரப்பைப் போட்டுவிட்டுப் போனால், அது செத்த நாளில் மெஷின் எழும்பாது. ஃபைல்கள் இரண்டாவது டிஸ்கில் அப்படியே இருக்கும். சாவி தொலைந்ததற்கு வீட்டை இடிப்பீர்களா? (புதிய யூஈஎஃப்ஐ மெஷினிலும் இதே கூத்துதான். ஈஎஃப்ஐ பார்டிஷன் பெரும்பாலும் ஒரு டிஸ்கில் மட்டுமே இருக்கும்.)

அவரை அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன். உபுண்டு பென் டிரைவில் மெஷினை எழுப்பி, ஒற்றை டிஸ்கோடு மிரரை ஏற்றி, முதலில் புள்ளிகளை வெளி டிஸ்குக்குக் கொப்பி பண்ணினேன். மிரர் பெக்கப் இல்லை. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும். பிறகு அந்த சிஸ்டத்துக்குள் நுழைந்து, மிஞ்சிய டிஸ்கில் கிரப்-இன்ஸ்டோல் கட்டளை. ரீபூட் பண்ணினேன், எழும்பியது. இதற்காகவா மூன்று வருடத்தை அழிக்கப் பார்த்தோம்?

இனிப் புதுடிஸ்க் வாங்கி, அதே அளவில் பார்டிஷன் பிரித்து, எம்டிஅட்மின் மூலம் சேர்க்க வேண்டும். அது முழுதாக ஒத்துவர மணித்தியாலங்கள் எடுக்கும். புதுடிஸ்கிலும் கிரப் போட வேண்டும். பலர் விடுவது இந்த இடத்தில்தான், அடுத்த முறையும் இதே கூத்து.

அதிபர்மாரிடம் ஒன்று கேட்கிறேன். சேர்வரைப் பாரமெடுக்கும் நாளில், மெஷினை நிறுத்தி முதல் டிஸ்கின் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். உங்கள் கண் முன்னால் எழும்ப வேண்டும். கேபிளை மாட்டி, இரண்டும் மறுபடி ஒத்துவந்த பிறகு மற்ற டிஸ்கையும் அதேபோலப் பாருங்கள். அதுவரை பில்லில் கையெழுத்து வைக்க வேண்டாம்.