பழைய வாட்சுக்குப் புது டயல் - லாபமா, நட்டமா?

காவிரிப் படுகையில் விவசாயம் தெரிந்த எவரும் சாப்பாட்டு நெல்லையும் விதைநெல்லையும் ஒரே மூட்டையில் கட்ட மாட்டார்கள். வேறு ரக மணி கொஞ்சம் கலந்துவிட்டால் சோற்றுக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் விதைக்கு அது ஆகாது. அதனால்தான் விதைக்கு விடும் வயலில் இறங்கிக் கலவன் பயிரைத் தேடித் தேடிப் பிடுங்குகிறார்கள்.

பழைய கைக்கடிகாரங்களுக்கும் இதே கணக்குதான். மணி பார்க்க மட்டும் என்றால் எந்த பாகம் எதிலிருந்து வந்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை. சேகரிப்பவருக்கு விற்பது என்றால் அதுதான் முதல் கேள்வி! இந்த வித்தியாசம் தெரியாமல் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து வீடுகளில் நல்ல வாட்சுகள் வீணாகின்றன. அதிலும் குரோனோகிராஃப் வாட்சுகள்.

அது என்ன குரோனோகிராஃப்? மணி காட்டுவதோடு ஸ்டாப் வாட்ச் வேலையும் செய்யும் கடிகாரம். பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்றை அழுத்தினால் நடுவில் உள்ள நீள முள் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். இன்னொன்றை அழுத்தினால் பூஜ்யத்துக்குத் திரும்பும். பல வாட்சுகளில் டயலைச் சுற்றி வேகம் அளக்கும் எண்களும் இருக்கும். தஞ்சாவூர் - கும்பகோணம் சாலையில் ஒரு கிலோமீட்டர் கல்லில் முள்ளை ஓட விட்டு அடுத்த கல்லில் நிறுத்துங்கள். 45 விநாடி ஆகியிருந்தால் முள் 80ஐக் காட்டும். பஸ் மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிறது என்று அர்த்தம்.

இந்த வசதியைத் தானாகச் சாவி ஏறும் கைக்கடிகாரத்தில் கொண்டு வருவது நெடுநாள் சவாலாக இருந்தது. 1969ம் ஆண்டில்தான் ஸ்விட்சர்லாந்தின் ஜெனித், ஹாயர் - பிரைட்லிங் கூட்டணி, ஜப்பானின் சீக்கோ என்று மூன்று தரப்பும் ஒரே வருடத்தில் அதைச் சாதித்தன. சீக்கோவின் அந்த இயந்திரத்துக்கு 6139 என்று எண். 1973ல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்குப் போன வில்லியம் போக், நாசாவின் அதிகாரபூர்வ வாட்சோடு தன் சொந்த மஞ்சள் டயல் 6139ஐயும் கொண்டு போனார். இன்று சேகரிப்பவர்கள் அந்த மாடலை அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள்.

சரி, இதற்கும் நெல் விளையும் ஊர்களுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் கப்பலில் வந்தது! இந்தியாவில் எச்.எம்.டி. 1961ல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு வாட்சு செய்யத் தொடங்கியது. ஆனால் ஜனதா, பைலட் போன்ற அதன் புகழ்பெற்ற வாட்சுகள் மணி காட்டுபவை மட்டும்தான். குரோனோகிராஃப் வேண்டுமானால் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். நாகப்பட்டினத்துக்கு அந்த வழி இருந்தது. முதலில் ரஜூலா, பிறகு எம்.வி.சிதம்பரம் என்று பினாங்கு, சிங்கப்பூர் போய் வரும் கப்பல்கள் அங்கே நின்று ஆள் ஏற்றின. 1985ல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தக் காலம் முடிந்தது. அதற்குள் வளைகுடா பயணமும் ஆரம்பித்திருந்தது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர் என்று ஊர் ஊராக ஆட்கள் போனார்கள். திரும்பும்போது பெட்டியில் கோடாலித் தைலம், சென்ட், டேப் ரிக்கார்டரோடு சீக்கோவும் சிட்டிசனும் வந்தன.

அந்த வாட்சுகளில் பல இன்றும் பீரோவில் கிடக்கின்றன. பேரன் எடுத்துப் பார்க்கிறான். டயலில் புள்ளி புள்ளியாகக் கறை, மஞ்சளாகிப்போன எண்கள். "புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்க" என்று கடையில் கொடுக்கிறான். அங்கேதான் தப்பு நடக்கிறது. டயலுக்குப் புது பெயிண்ட் அடிக்கப்படுகிறது. கம்பெனி ஒருநாளும் செய்யாத ஒரு நிறம் வருகிறது. முள் வேறொரு வாட்சிலிருந்து. கேஸ் பாலிஷ் போட்டுப் போட்டு ஓரம் மழுங்குகிறது. பளபளக்கிறது, ஆனால் சேகரிப்பவர் கொடுக்கக்கூடிய விலையில் பெரும்பங்கு போய்விட்டது. தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ள சோழர் காலச் செப்புத் திருமேனிகளை யாராவது பித்தளைக் குடம் மாதிரி புளி போட்டு விளக்குவார்களா?

இதில் ரிப்பேர்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வெளிநாட்டு உதிரி பாகம் கிடைக்காத காலத்தில், கையில் கிடைத்ததை வைத்து வாட்சை ஓட வைத்ததுதான் அவர்கள் திறமை. வந்தவர்களும் ஓடுகிற வாட்சைத்தான் கேட்டார்கள், அசல் டயலைக் கேட்கவில்லை. ஆனால் பிழைப்புக்காகச் செய்தது பிறகு ஒரு வியாபாரமாகிவிட்டது. பெயிண்ட் அடித்த டயலோடு கலப்புப் பாகங்கள் போட்டு, பழைய அசல் என்று வெளிநாட்டுக்கு விற்கப்படும் வாட்சுகளுக்குச் சேகரிப்பவர்கள் "மும்பை ஸ்பெஷல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பாராட்டாக அல்ல!

இங்கேதான் வணிகவியல் மாணவர்கள் படிக்கும் ஒரு பாடம் உதவுகிறது. ஜார்ஜ் அகர்லாஃப் 1970ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001ல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்து கிடைக்கக் காரணமான ஆய்வு அது. அதன் சாரம் எளிது. நல்லது எது, சொத்தை எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நடுத்தர விலைதான் கேட்பார். அந்த விலைக்கு நல்ல பொருள் வைத்திருப்பவர் விற்க மாட்டார், விலகிக்கொள்வார். கடைசியில் சந்தையில் சொத்தைதான் மிஞ்சும்.

பழைய வாட்சுச் சந்தையில் நடப்பது இதுவேதான். இந்தியாவிலிருந்து வரும் வாட்சு என்றாலே வெளிநாட்டில் சந்தேகம். முத்துப்பேட்டையில் ஒரு பெரியவர் கட்டிய, கை படாத 6139ம் அந்தச் சந்தேகத்தில் அடிபடுகிறது. ஆக, ஒருவர் அடிக்கும் பெயிண்ட் அவர் வாட்சை மட்டும் கெடுக்கவில்லை. பக்கத்து வீட்டு நல்ல வாட்சின் விலையையும் சேர்த்தே குறைக்கிறது. ஒரு வயலின் கலவன் அடுத்த வயலின் விதைக்கும் கெட்ட பெயர் வாங்கித் தருவது போல...

"என் தாத்தா வாட்சு, நான் கட்டிக்கொள்ளப் போகிறேன். விற்கவா போகிறேன்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவரவர் விருப்பம் அது. ஆனால் கழற்றிய டயலையும் முள்ளையும் தூக்கி எறியாமல் ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைப்பதில் என்ன கஷ்டம்? என்ன மாற்றினோம் என்று பில்லில் இரண்டு வரி எழுதித் தரச் சொல்வதில் என்ன செலவு? நாளைக்கு விற்கும்போது அந்த இரண்டு வரிதான் அகர்லாஃப் சொன்ன இருட்டை நீக்கும் விளக்கு.

பிறகு, சரிபார்ப்பதும் பெரிய வித்தையல்ல. 1970களின் சீக்கோ வாட்சில் பின்மூடியில் உள்ள வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். 6139ல் 3, 5 என்று ஆரம்பித்தால் 1973 மே. டயலின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். பெயிண்ட் அடித்த டயல்களில் பெரும்பாலும் அந்த எழுத்து தடித்திருக்கும் அல்லது காணாமலே போயிருக்கும். எண்ணெய் மாற்றிச் சர்வீஸ் செய்வது அவசியம், அது கலப்பு ஆகாது. உள்ளே எண்ணெய் காய்ந்த வாட்சில் பொத்தானை அழுத்தி விளையாடினால்தான் ஆபத்து.

இதையெல்லாம் படித்துவிட்டு வாட்சு வாங்கிப் பணக்காரராகலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017ல் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது உண்மை. அது அவர் கட்டியது என்பதற்கு மறுக்க முடியாத ஆதாரம் இருந்தது. ஆனால் 2022 தொடக்கத்தில் உச்சத்துக்குப் போன செகண்ட் ஹேண்ட் ஆடம்பர வாட்சு விலைகள் அதன்பின் இறங்கியதும் உண்மை. விலை ஏறும், இறங்கும். அதை யாரும் பிடித்து நிறுத்த முடியாது.

பிடித்து வைத்துக்கொள்ளக் கூடியது ஒன்றுதான்... அந்த வாட்சு யாருடையது, எங்கே வாங்கியது, என்ன மாறியிருக்கிறது என்ற உண்மை. கட்டியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். கறையோடு இருக்கும் டயல் அப்படியே இருக்கட்டும். சிங்கப்பூர் வெயிலும் நாகப்பட்டினத்து உப்புக் காற்றும் போட்ட கறை அது. அதை எந்தக் கடையிலும் புதிதாக வாங்க முடியாது.