கொந்தளிப்பு பகையா?

கொந்தளிப்பு என்றாலே தீமை என்று எண்ணுவது நம் வழக்கம். கடல் கொந்தளித்தால் கலம் கவிழும். காற்று கொந்தளித்தால் விமானம் குலுங்கும். நம் இயற்பியல் பாடமும் வரிச்சீர் ஓட்டத்தை விரித்துரைத்து, கொந்தளிப்பு ஓட்டத்தை இரண்டு வரியில் முடித்துவிடுகிறது. இது முறையன்று என்பதே என் கருத்து.

விமானம் பறப்பதை விளக்கப் பெர்னூலி தேற்றம் படிக்கிறோம். ஆனால் பறக்கும் விமானம் சில வேளை தூக்குவிசையை இழப்பது ஏன்? பாகுநிலை இல்லாத பாய்மத்துக்கு உரிய அத்தேற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை காண இயலாது.

வழி காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டல். பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தில்தான் உராய்வின் ஆட்சி என்று 1904இல் ஹைடல்பர்க் நகரில் கூடிய உலகக் கணித மாநாட்டில் அவர் எடுத்துரைத்தார். பரப்பைத் தொடும் காற்று நின்றுவிடுகிறது. அதையடுத்த காற்று மெல்ல நகர்கிறது. இறக்கையின் மேற்புறத்தில் பின்விளிம்பை நெருங்க நெருங்க அழுத்தம் ஏறுகிறது. சோர்ந்து வந்த மாட்டு வண்டி மேட்டில் பாதியிலே நின்றுவிடுவது போல, அப்படலமும் திணறுகிறது. காற்றோடு இறக்கை கொள்ளும் கோணம் ஏறக்குறைய 15 பாகையைத் தாண்டினால், பல இறக்கைகளில் படலம் பரப்பை விட்டுப் பிரிகிறது. தூக்குவிசை சரிகிறது, இழுவை பெருகுகிறது. விமானிகள் இதையே 'ஸ்டால்' என்பர்.

இங்கேதான் கொந்தளிப்பு கைகொடுக்கிறது. கொந்தளிக்கும் படலம், மேலே விரைந்தோடும் காற்றைக் கீழே இழுத்துக் கலக்கிறது. அடிக்காற்று புது வேகம் பெற்று, மேலும் சிறிது தூரம் ஒட்டிச் செல்கிறது. 1914இல் பிராண்டல், வழவழப்பான கோளத்தின் முன்பாதியில் மெல்லிய கம்பி வளையம் ஒன்றைப் பொருத்திக் காற்றோட்டத்தில் வைத்தார். கம்பி தடையைக் கூட்டும் என்றே எவரும் நினைப்பர். மாறாக, தடை குறைந்தது! பல விமானங்களின் இறக்கை மீது சிறு தகடுகள் நிறுத்தப்படுவதும் அடிக்காற்றுக்கு இவ்வாறு வேகமூட்டவே. புதிய கிரிக்கெட் பந்து காற்றில் வளைவதும், அதன் தையல் ஒரு புறத்துப் படலத்தைக் கலக்கிவிடுவதால்தான்.

கொந்தளிப்பு முழுதும் நன்மையே என்று நான் வாதிடவில்லை. அது பரப்பின் உராய்வைக் கூட்டும். திடீரென மேல்நோக்கி அடிக்கும் காற்று, கோணத்தை ஏற்றி இறக்கையை ஸ்டாலில் தள்ளவும் கூடும். எங்கே, எவ்வளவு என்று பிரித்தறிவதன்றோ அறிவியல்?

என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் இங்கே பலர். ஐயம் கேட்க எங்கள் வீட்டில் ஆளில்லை. வகுப்பில் பாதி சொல்லி நிறுத்தினால், மீதி எங்களுக்கு எட்டாமலே போகிறது. ஆகவே பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள்: பெர்னூலி தேற்றத்துக்குப் பின் ஒரு மணி நேரத்தை எல்லைப் படலத்துக்கு ஒதுக்குங்கள். ஒரு மின்விசிறியும், அட்டையில் செய்த இறக்கையும், அதன் மேல் ஒட்டிய நூல் துண்டுகளும் போதும். கோணத்தை ஏற்ற ஏற்ற, படிந்து கிடந்த நூல்கள் தாறுமாறாகத் துடிப்பதைக் கண்ணாலேயே காணலாம். இறக்கை செய்து தர மாணவர்கள் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.