ஒரே தாள், இரண்டு தொடக்கங்கள்

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயது நிரம்பியவர்கள் எழுதும் தேர்வுக்கு மொத்தம் 150 மதிப்பெண்: வாசிப்பு, எழுத்து, கணக்கு, தலா 50. தளவானூர் கிராமத்தில் நூறுநாள் வேலைக்குப் போய்வந்து எழுத உட்காரும் அம்மாவுக்கு எழுத்து மட்டுமே புதிது. கட்டட வேலைக்கு வந்த ஒடியா பேசும் பெண் பக்கத்தில் உட்கார்ந்தால், அவருக்கு மொழியும் சேர்ந்தே புதிது. அதற்காக வாசிப்பிலும் எழுத்திலும் தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. பேருந்துப் பலகையைப் படிக்க வராமல் சான்றிதழ் மட்டும் கையில் இருந்தால் ஏமாறுவது அவர்தான். வேண்டுமானால் வகுப்பு நேரத்தைக் கூட்டுங்கள்.

கணக்கு அப்படியல்ல. கிலோ 40 ரூபாய் அரிசி மூன்று கிலோ வாங்கி 200 ரூபாய் நீட்டினால் மீதி எவ்வளவு? கடையில் அந்தப் பெண் சட்டென்று 80 என்பார். தாளில் கேள்வி புரியாமல் விட்டதற்காக அவரைக் கணக்குத் தெரியாதவர் என்று முடிவுகட்டுவது அநியாயம். கேள்வியை அவர் மொழியில் ஒருவர் வாசித்துக் காட்டலாமே! திருத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ர, ற மாறினால் உள்ளூர்க்காரருக்கு அது கைப்பிழை, வெளியூர்க்காரருக்கு மொழி தெரியாமை என்று பார்க்காதீர்கள். பெயரை மறைத்துவிட்டுத் தாளைத் திருத்துங்கள்.