வைகறைச் சோறு

ரமலான் பிறை தென்பட்ட இரவில் நம் வீட்டில் முதலாவதாகத் தேடப்படும் பொருள் பழைய அலாரக் கடிகாரம். ஆளுக்கொரு கைபேசி இருக்கும் இந்நாளில் அது எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். கைபேசியைக் கண் திறவாமலே தடவி அணைத்துவிட்டு மீண்டும் உறங்கும் வித்தையை நாம் எல்லோரும் கற்றுவிட்டோம். அலமாரியின் உச்சியிலிருந்து அலறும் கடிகாரத்தை அணைக்கவோ எழுந்து நடந்தேயாக வேண்டும்.

நாகூர்ப் பக்கத்து நம் சொந்த ஊரில் இந்தக் கவலை இருந்ததில்லை. நோன்புக் காலத்தில் பக்கீர்மார் தாயிராவைக் கொட்டிப் பாடிக்கொண்டு பின்னிரவில் தெருத்தெருவாக வருவார்கள். விளக்கு எரியாத வீட்டின் வாசலில் சற்றுக் கூடுதலாகவே நின்று கொட்டுவார்கள். "எழுந்துவிட்டோம் பாவா" என்று உள்ளிருந்து உம்மா குரல் கொடுத்த பின்னரே அடுத்த வீட்டுக்கு நகர்வார்கள். பெருநாளன்று அவர்கள் வந்து அன்பளிப்புப் பெற்றுச் செல்வது அந்த முப்பது நாள் உழைப்புக்காகத்தான். எகிப்தில் இவ்வாறு எழுப்புவோருக்கு முஸஹ்ஹராத்தி என்று பெயர். துருக்கி நாட்டிலும் முரசு முழக்கி எழுப்பும் வழக்கம் இன்றளவும் உண்டு. பெங்களூரில் நாம் குடியிருக்கும் அடுக்குமாடியின் மூன்றாம் மாடிக்கு எந்த பாவா ஏறி வரப்போகிறார்? 2000ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவிடங்களில் ஒலிபெருக்கி ஒலிக்கலாகாது. அந்த விதியின் மீது நமக்குக் குறையில்லை. நோயாளரும் கைக்குழந்தைகளும் உறங்கும் ஊர் இது. ஆனால் எழுப்புகிற பொறுப்பு ஊரை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டது என்பதை நாம் உணர வேண்டும்.

ஸஹர் என்பது விடியலுக்குச் சற்று முந்திய பொழுதைக் குறிக்கும் அரபுச் சொல். அப்பொழுதில் உண்ணும் உணவுக்கு ஸஹூர் என்று பெயர். இங்கே அண்டை வீட்டார் உருதுவில் சஹ்ரி என்கின்றனர். தமிழ் முஸ்லிம்களாகிய நாம் பொழுதின் பெயரையே உணவுக்கும் இட்டு, "ஸஹர் செய்தாயிற்றா?" என்று கேட்டுக்கொள்கிறோம். நம் மொழியில் இப்பொழுதுக்கு வைகறை என்ற அழகிய பெயர் உண்டு. தொல்காப்பியர் மருத நிலத்துக்கு உரித்தாக்கிய பொழுது வைகறையும் விடியலுமாகும்.

நோன்பு என்றால் பட்டினி, பட்டினிக்கு முன் எதற்குச் சாப்பாடு என்று சங்கத்து நண்பர் ஒருவர் நம்மிடம் கேட்டதுண்டு. கேலியாகக் கேட்டாரல்லர், உண்மையான ஐயம். அவருக்கு நாம் சொன்ன விடை ஓர் உழைப்பாளியின் கதை.

ரமலான் நோன்பு கடமையாக்கப்பட்டது ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல். தொடக்கத்தில் முறை கடுமையாக இருந்தது. சூரியன் மறைந்த பின் ஒருவர் உண்ணாமல் உறங்கிவிட்டால், மறுநாள் மாலை வரை அவர் எதையும் உண்ணலாகாது. மதீனாவில் கைஸ் இப்னு ஸிர்மா என்ற அன்சாரித் தோழர் ஒருவர் பகலெல்லாம் உழைத்துவிட்டு, நோன்பு திறக்கும் வேளையில் வீடு வந்தார். உண்பதற்கு ஏதும் இருக்கிறதா என்று மனைவியைக் கேட்டார். வீட்டில் ஒன்றுமில்லை. எங்கேனும் தேடிக் கொண்டுவருகிறேன் என்று அப்பெண்மணி வெளியே சென்றார். திரும்பி வந்து பார்த்தபோது, களைப்பு மிகுந்து கணவர் உறங்கிப்போயிருந்தார். கைக்கு வந்த உணவு வாய்க்கு எட்டாமற் போயிற்று. மறுநாள் நண்பகலில் அவர் மயங்கி விழுந்தார். செய்தி நபிகள் நாயகத்துக்கு எட்டியது. இதனையொட்டித்தான் விடியலின் வெள்ளிழை கரிய இழையினின்று பிரிந்து தெரியும் வரை உண்ணவும் பருகவும் இசைவளிக்கும் திருவசனம் இறங்கிற்று என்று புகாரியின் நபிமொழித் தொகுப்பு கூறுகிறது. மக்கள் அன்று பெருமகிழ்ச்சி அடைந்தார்களாம், அடையாமலிருப்பார்களா?

ஆகவே ஸஹர், நோன்பாளி தன் வயிற்றுக்குச் செய்துகொண்ட சலுகையன்று. உழைத்துக் களைத்தவனைக் கண்டு இறைவன் தந்த இசைவு. ஒரு மிடறு தண்ணீரேனும் பருகி ஸஹர் செய்யுங்கள், அதனை விட்டுவிடாதீர்கள் என்று நபிகள் வலியுறுத்தினார்கள். அதில் பரக்கத் உண்டு என்றும், முந்தைய வேதத்தாரின் நோன்புக்கும் நம் நோன்புக்கும் உள்ள வேறுபாடே இதுதான் என்றும் சொன்னார்கள். யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பு ஒரு மாலையில் தொடங்கி மறுநாள் இருட்டும் வரை ஏறத்தாழ இருபத்தைந்து மணி நேரம் செல்வது. அதில் வைகறை உணவுக்கு இடமில்லை என்பதை நினைத்தால் இச்சொல்லின் பொருள் விளங்கும்.

இவ்வளவும் தெரிந்த குடும்பத்தில்தான் கீழ்க்கண்டதும் நடந்தது.

நம் தமக்கையின் மகன், அதாவது நம் மருமகன், எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஒரு விடுதியில் தங்கி வேலை பார்க்கிறான். பி.ஜி. என்று இவ்வூரார் சுருக்கமாகச் சொல்லும் விடுதி. அங்கே சமையற்கட்டு திறப்பது காலை 7 மணிக்கு. ஒரு மார்ச் மாதத்து ரமலானில் அவன் இரவு 11 மணிக்குக் கடையில் பிரியாணி தின்றுவிட்டுப் படுப்பான்; விழிப்பது சூரியன் வந்த பின். ஸஹர் செய்தாயா என்று நாம் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "ஆயிற்று மாமா" என்பான். ஒன்பதாம் நோன்பன்று அலுவலகப் படிக்கட்டில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். உடன் வேலை செய்யும் பிள்ளைகள் வண்டி வைத்து நம் வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவு 11 மணிக்கு உண்டவன் மாலை 6.30க்கு நோன்பு திறந்தால் இடைவெளி பத்தொன்பதரை மணி நேரம். விடியற்காலை 5 மணிக்கு உண்டிருந்தால் பதின்மூன்றரை மணி. மார்க்கம் அவனிடம் கேட்ட பட்டினி அந்தச் சிறியது; அவன் தானாகச் சுமந்துகொண்டது பெரியது. அதில் கூடுதல் நன்மை உண்டென்று எண்ணினானோ என்னவோ. இல்லையென்றே நாம் அவனிடம் சொன்னோம், சற்றுக் கடுமையாகவே.

நபிகள் ஸஹரைப் பிற்படுத்தியே உண்டார்கள். அதற்கும் வைகறைத் தொழுகைக்கும் இடையே ஏறக்குறைய ஐம்பது வசனங்கள் ஓதும் நேரமே இருந்தது என்று ஸைத் இப்னு ஸாபித் என்ற தோழர் அறிவிக்கிறார். இரவு 1 மணிக்கு உண்டுவிட்டு உறங்குவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். வெள்ளிழை, கரிய இழை என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு, அதீ இப்னு ஹாத்திம் என்ற தோழர் தலையணைக்கடியில் இரண்டு கயிறுகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம்! இரவின் இருளும் பகலின் ஒளியுமே அவை என்று நபிகள் அவருக்கு விளக்கினார்கள்.

கயிறு பார்க்கும் தொல்லை நமக்கில்லை. நேர அட்டவணை இருக்கிறது. ஆனால் எந்த ஊர் அட்டவணை? புலம்பெயர்ந்த குடும்பங்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. சென்னையைவிடப் பெங்களூர் மேற்கே ஏறக்குறைய இரண்டேமுக்கால் பாகை தள்ளி இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடமாதலின், சென்னையில் விடிந்து சுமார் 11 நிமிடம் கழித்தே இங்கு விடியும், மறைவதும் அப்படியே. சென்னை நேரத்தைப் பார்த்து ஸஹரை நிறுத்துபவருக்கு இழப்பு பதினொரு நிமிடச் சோறு மட்டும். சென்னைத் தொலைக்காட்சியில் பாங்கு கேட்டு இங்கே நோன்பு திறப்பவர் நிலையோ வேறு; சூரியன் மறையுமுன்னே திறந்து அன்றைய நோன்பையே இழந்துவிடுவார். ஊரிலிருந்து உம்மா தொலைபேசியில் "நாங்கள் திறந்துவிட்டோம்" என்று சொன்னாலும் பொறுத்திருக்கத்தான் வேண்டும். உங்கள் பகுதிப் பள்ளிவாசலின் அட்டவணையைச் சமையற்கட்டுக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

இனி, என்ன உண்பது? நம் வாப்பா காலத்தில் ஸஹர் என்றால் சுடுசோறு, ஆணம், முடிவில் பால் ஊற்றிய சோற்றில் வாழைப்பழமும் சீனியும் பிசைந்து ஒரு கவளம். அந்தக் கவளத்துக்காகவே நோன்பு கடமையாகாத வயதில் நாம் எழுந்ததுண்டு. ஹைதராபாத்தார் கிச்சடியும் கட்டாவும் உண்பர். எந்த ஊர் வழக்கமானாலும், மெல்லச் செரிப்பதும் தாகம் எழுப்பாததுமே இவ்வேளைக்கு ஏற்றது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், முந்திய இரவின் மிச்சப் பிரியாணி ஆகியவை நாவுக்கு இனியவை; நண்பகலில் அவை தண்ணீர் தண்ணீர் என்று கேட்கும். பருப்பு, முட்டை, தயிர், பழம், பேரீச்சை நல்லவை. பேரீச்சையைச் சிறந்த ஸஹர் உணவென்று நபிகளே புகழ்ந்துள்ளார்கள். கன்னட நாட்டில் வாழும் நமக்குக் கேழ்வரகு எளிதில் கிடைக்கிறது. கூழாகவோ களியாகவோ உண்டால் வெகுநேரம் தாங்கும். தஞ்சைத் தரணியார் கேழ்வரகைக் கண்டு முகம் சுளிப்பது வழக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதும் வழக்கம். காப்பிப் பழக்கம் உள்ளவர்களுக்கு முதல் மூன்று நாள் தலைவலி உறுதி. ஷஃபான் மாதத்திலேயே கோப்பையைக் குறைத்துக்கொண்டு வருவது நலம்.

நீரிழிவு உடையவர்கள் ஸஹரை விடுவது வெறும் சோம்பலன்று, ஆபத்து. 2001ஆம் ஆண்டில் 13 நாடுகளில் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட நீரிழிவாளரை ஆராய்ந்ததில், இரத்தச் சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்துபோவது ரமலானில் பன்மடங்கு கூடியது தெரியவந்தது. இவர்கள் நோன்புக்கு முன்னரே மருத்துவரைக் கண்டு, மாத்திரையின் அளவையும் வேளையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. அளவு 70க்குக் கீழே இறங்கினால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர் விதி; நோயாளிக்கு விலக்களித்திருப்பது மார்க்கத்தின் விதி. இரண்டுக்கும் சண்டை இல்லை.

ஒரு செய்தியை இங்கே சொல்லாமற் போனால் நம் வீட்டார் நம்மை மன்னிக்கமாட்டார்கள். 5 மணிக்கு ஸஹர் உண்பவருக்காக 3.30க்கு எழுபவர் ஒருவர் இருக்கிறார். இரவுத் தொழுகை முடிந்து கடைசியாகப் படுத்தவரும் அவரே. அவருக்கும் நோன்புண்டு, பலருக்கு அலுவலகமும் உண்டு. ஸஹரின் பரக்கத்தைப் பற்றி மேடையில் முழங்கும் ஆடவர்கள் சோறு சூடாக்கவும் பாத்திரம் கழுவவும் கற்றுக்கொள்வது நன்று. நாம் கற்றுக்கொண்டது ஐம்பது வயதுக்குப் பிறகுதான், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். கீழ் வீட்டாரின் உறக்கம் கெடாதிருக்கக் குக்கரை இரவிலேயே வைத்துவிடுகிறோம். வைகறையில் விசில் கிடையாது.

இங்குள்ள நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும், தெருவில் உருது. 1809இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்த காலந்தொட்டுத் தமிழர் குடியேறிய ஊர்தான் இது. ஆனாலும் பிள்ளைகள் தமிழில் தொடர்ந்து பேசும் வேளை குறைந்துகொண்டே வருகிறது. ஸஹர் வேளையில் தொலைக்காட்சி இல்லை, விருந்தாளி இல்லை, வண்டிச் சத்தமில்லை. ஆண்டின் பிற மாதங்களில் ஒரே நேரத்தில் உண்ணாத ஐந்து பேர் ஒரு விரிப்பில் உட்கார்ந்திருக்கிறோம். உண்டு முடித்ததும் நோன்பின் நிய்யத்தைப் பெரியவர் ஒருவர் தமிழில் சொல்ல, பிள்ளைகள் தொடர்ந்து சொல்கிறார்கள். அரை நோன்பு வைக்கும் நம் கடைக்குட்டிப் பேத்தி அதில் ஒரு சொல்லையும் விடுவதில்லை.

மருமகன் கதைக்கு வருவோம். விடுதியை நடத்துபவர் கன்னடப் பெண்மணி. அவரிடம் பேசலாமென்று நாமே நேரிற் சென்றோம். சமையற்கட்டு பூட்டியிருப்பதைப் பற்றிக் குறை சொல்ல ஆயத்தமாகப் போன நமக்கு, அவர் கேட்ட கேள்வி வாயடைத்துவிட்டது: இத்தனை நாளும் உங்கள் பையன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அவன் கேட்கவே இல்லை. கூச்சம். அதே விடுதியில் நோன்பு வைத்த மற்ற மூவரும் கேட்கவில்லை. அவர்களுள் இருவர் தண்ணீரும் ரொட்டித் துண்டுமாக ஒப்பேற்றியிருக்கிறார்கள். அன்றே சாவி கைக்கு வந்தது. விதித்த நிபந்தனை ஒன்றே, பாத்திரங்களைக் கழுவி வைக்க வேண்டும்.

நம் மாத மடலைப் படிக்கும் அன்பர்களில் பெரும்பாலோர் நோன்பு வைப்பவரல்லர். அவர்களுள் அறைகளை வாடகைக்கு விட்டிருப்போர், விடுதி நடத்துவோர், இளைஞர்களை வேலைக்கு வைத்திருப்போர் பலர் உண்டு. உங்கள் கூரையின்கீழ் நோன்பு வைக்கும் பிள்ளை ஒருவன் இருந்தால், அவன் கேட்கமாட்டான், நீங்களே கேளுங்கள். ஒரு சாவி, அல்லது இரவில் வெந்நீர் நிரப்பிய ஒரு பிளாஸ்க் போதும். நோன்பு வைக்கும் குடும்பங்களுக்கும் ஒரு சொல்: தெருவில் தனியாக இருக்கும் பையனுக்கு மாலையில் கஞ்சி கொடுத்தனுப்பும்போது, வைகறைக்கும் ஓர் அடுக்குச் சோறு சேர்த்துக் கொடுங்கள்.

மருமகனும் அவன் தோழர்களும் இப்போது முறை வைத்துச் சமைக்கிறார்கள். கேழ்வரகுக் கஞ்சி வைக்கத் தெரிந்துவிட்டதாம். கட்டி தட்டுகிறது என்று மாமியிடம் வழி கேட்கிறான். சென்ற ரமலானில் நம் அலாரக் கடிகாரம் ஓரிரவு நின்றுவிட்டது. 4.10க்குத் தொலைபேசி அடித்தது. "மாமா, எழுந்துவிட்டீர்களா?" என்றான். எழுந்துவிட்டோம் என்று படுக்கையிலிருந்தே சொன்னோம். விளக்கைப் போட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றான்.