மதிப்பெண்ணுக்கும் கல்லூரிக்கும் இடையே...

பிளஸ் 2 தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தமிழகம் முழுவதும் மதிப்பெண் பற்றிய பேச்சுதான். தேர்ச்சி விழுக்காடு, முன்னிலை பெற்ற மாவட்டங்கள், நூற்றுக்கு நூறு எடுத்தவர்களின் எண்ணிக்கை என்று செய்திகள் நிறைகின்றன. அதற்கடுத்த சில வாரங்களில் மாணவர்கள் எப்படிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால், உழைத்துப் பெற்ற மதிப்பெண்ணுக்கு உரிய பலன் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அந்த வாரங்களில்தான்.

மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021-22 ஆய்வறிக்கையின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் தேசிய அளவில் 28.4%, தமிழகத்திலோ 47%. இது பெருமைக்குரிய சாதனை. எனினும், கல்லூரியில் சேர்வது வேறு. தகுதிக்கும் விருப்பத்துக்கும் ஏற்ற கல்லூரியில் சேர்வது வேறு. இரண்டாவதில் இன்னும் நெடுந்தொலைவு செல்ல வேண்டியுள்ளது.

பொறியியல் சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. ஒரே கட்-ஆஃப் பெற்ற இருவரில் ஒருவர் படித்த குடும்பத்தைச் சேர்ந்தவர். மற்றவர் முதல் தலைமுறை மாணவர். முன்னவருக்கு, முந்தைய ஆண்டின் கட்-ஆஃப் பட்டியலைப் பார்த்து ஆலோசனை சொல்ல வீட்டிலேயே ஆள் உண்டு. பின்னவரைத் தேடி வருபவர் பெரும்பாலும் தனியார் கல்லூரியின் முகவர். 'இப்போதே முன்பணம் கட்டினால் இடம் உறுதி' என்ற பேச்சை நம்பி, கலந்தாய்வு தொடங்கும் முன்பே நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிடுகிறார்கள். முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% உள்ஒதுக்கீடும் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கே கிடைக்கும் என்பதை அந்தக் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

கலந்தாய்வுக்கு வருபவர்களுக்கும் சிக்கல் உண்டு. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் பல பாடப்பிரிவுகள். அவற்றை விருப்ப வரிசைப்படி இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டாத கல்லூரியை முதலில் குறித்தால் கையில் இருக்கும் வாய்ப்பும் போய்விடுமோ என்று அஞ்சிப் பலர் விரும்பியதை விட்டுவிடுகிறார்கள். உண்மையில், மாணவரின் பட்டியல் மேலிருந்து கீழாகப் பார்க்கப்பட்டு, அவருடைய தரவரிசைக்கு முதலில் கிடைக்கும் இடமே ஒதுக்கப்படுகிறது. விரும்பியதை முதலில் எழுதுவதால் இழப்பு ஏதுமில்லை. மிகச் சில கல்லூரிகளை மட்டும் குறிப்பதில்தான் இழப்பு உண்டு.

இன்னும் சில கதவுகள் பிளஸ் 2 முடிவு வரும் முன்பே அடைபட்டுவிடுகின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் நடத்தப்படும் 'க்யூட்' பொது நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் காலம், பொதுவாக நம் தேர்வு முடிவுக்கு முன்பே முடிந்துவிடும். திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமானால், அண்மை ஆண்டுகளில் டிசம்பரிலேயே நடத்தப்படும் 'கிளாட்' தேர்வை எழுதியிருக்க வேண்டும். முடிவு வந்த பிறகு யோசிக்கத் தொடங்கும் மாணவருக்கு இவை அந்த ஆண்டில் இல்லாதவைதாம்.

பொருளியலில் இதனைத் தகவல் சமனின்மை என்போம். தகவலைத் தந்துவிட்டால் சமனின்மை நீங்கிவிடுமா? 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒஹையோ உள்ளிட்ட பகுதிகளில், வருமான வரிக் கணக்கைத் தயாரிக்க வந்த எளிய குடும்பங்களில் ஒரு பிரிவினருக்குக் கல்வி உதவி விண்ணப்பம் அங்கேயே நிரப்பித் தரப்பட்டது. இன்னொரு பிரிவினருக்குத் தகவல் மட்டும் வழங்கப்பட்டது. முதல் பிரிவில், பள்ளி இறுதியாண்டு மாணவர்களில் கல்லூரியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் நிறைவு செய்தவர்களின் விகிதம் 28%-லிருந்து 36% ஆக உயர்ந்தது. தகவல் மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கையேட்டைக் கொடுப்பதைவிட, அருகில் அமர்ந்து விண்ணப்பத்தை நிரப்ப உதவுவதே பயன் தருகிறது.

தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும், 'கல்லூரிக் கனவு' வழிகாட்டி நிகழ்ச்சிகளும், கலந்தாய்வுக்கான உதவி மையங்களும் வரவேற்கத்தக்கவை. ஆனால், அரங்கு நிறைந்த கூட்டத்தில் ஒரு நாள் கேட்ட உரை, ஒவ்வொரு மாணவரின் தனிக் கேள்விக்கும் விடையாகிவிடாது.

அடுத்தகட்டம் பள்ளிக்குள் நிகழ வேண்டும். ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளியிலும் ஓர் ஆசிரியருக்கு உயர்கல்வி வழிகாட்டுதலே முதன்மைப் பொறுப்பாக வேண்டும். அதற்கேற்ப அவருடைய பாடவேளைகள் குறைக்கப்பட வேண்டும். இதைக் கூடுதல் சுமையாகத் தலையில் கட்டினால் பயனில்லை. பத்தாம் வகுப்பு முடிக்கும் மாணவரிடம், எந்தப் பாடப்பிரிவு எந்தப் படிப்புக்கு வழிவிடும், எதை அடைக்கும் என்று அவர் விளக்க வேண்டும். நுழைவுத் தேர்வு நாள்காட்டி பிளஸ் 1 வகுப்பறையிலேயே தொங்க வேண்டும். சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களை, கடைசி நேரத்தில் இ-சேவை மையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அலையாமல், அரையாண்டு விடுமுறைக்குள் பெற்றுவிட வேண்டும். விருப்பப் பட்டியலைப் பள்ளியின் கணினி ஆய்வகத்திலேயே, பெற்றோரையும் அருகில் வைத்துக்கொண்டு பதிவு செய்ய வழி வேண்டும்.

இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. அந்தப் பள்ளியில் படித்து இன்று கல்லூரியில் பயிலும் மாணவர்களும், ஓய்வுபெற்ற என்போன்ற ஆசிரியர்களும் கோடையில் சில நாள்களை ஒதுக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு மாணவரைப் பன்னிரண்டு ஆண்டுகள் படிக்கவைக்க அரசும் குடும்பமும் செலவிட்டதன் பயன், கடைசியில் ஒரு முகவரின் பேச்சால் வீணாகக் கூடாது. நல்ல மதிப்பெண் எடுக்கச் சொல்லிக் கொடுக்கும் பள்ளிக்கு, அதைக் கொண்டு எங்கே செல்வது என்று சொல்லிக் கொடுக்கும் கடமையும் உண்டு.