போர்வையை மடித்தது யார்?

கனடாவின் வகுப்பறைகளில் பூர்வகுடிகளைப் பற்றிய பாடம் என்றால் நீண்ட காலம் காகிதக் கூடாரம் ஒட்டுவதும், இறகு செருகிய கிரீடம் செய்வதுமாகவே இருந்தது. பிள்ளைகள் கையால்தான் செய்தார்கள். ஆனால் அந்தக் கூடாரம் நின்ற நிலம் யாரிடம் போனது என்ற கேள்வி மட்டும் வகுப்புக்குள் வரவில்லை. இதைச் செயல்வழிக் கல்வி என்று நாம் ஏற்க முடியாது. இது கைவேலை வகுப்பு, அவ்வளவுதான்.

உண்மையான செயல்வழிக் கல்விக்கும் அங்கேயே எடுத்துக்காட்டு உண்டு. 1997 முதல் நடந்துவரும் ‘போர்வைப் பயிற்சி’யைப் பாருங்கள். தரை முழுக்கப் போர்வைகள் விரிக்கப்படும். அதுதான் ஐரோப்பியர் வருவதற்கு முந்தைய நிலம். பூர்வகுடிகளாக நிற்பவர்கள் அதன்மேல் நடமாடுவார்கள். வரலாறு வாசிக்கப்பட வாசிக்கப்பட, குடியேறிகள் போர்வைகளை மடித்துக்கொண்டே வருவார்கள். நோயில் இறந்தவர்களாகச் சிலர் வெளியேறுவார்கள். கடைசியில் மிஞ்சுவது சின்னஞ்சிறு துண்டுகள். பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள்.

போர்வை தானாக மடியவில்லை என்பதே பாடம். 1876ஆம் ஆண்டின் ‘இந்தியர் சட்டம்’ மடித்தது. அரசின் அனுமதியின்றி நில உரிமைக் கோரிக்கைக்கு நிதி திரட்டுவதையே குற்றமாக்கிய 1927 திருத்தம் மடித்தது. அந்தத் தடை 1951 வரை நீடித்தது.

“சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் இந்தக் கசப்பெல்லாம்?” என்கிறார்கள். 1920இல் சட்டத்தைத் திருத்தி, 7 முதல் 15 வயது வரையிலான பூர்வகுடிப் பிள்ளைகளைக் கட்டாயமாக உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்ப அதிகாரம் எடுத்துக்கொண்டது அரசு. 1,50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்தப் பள்ளிகளுக்குள் அடைக்கப்பட்டார்கள். மொழி பறிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவே இல்லை. ஏழு வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கும்போது வயது பார்க்காத சமூகம், அந்த உண்மையை ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லும்போது மட்டும் வயது பார்க்கிறதா?

வயதுக்கேற்பச் சொல்லத்தான் வேண்டும். படுகொலையை நடித்துக் காட்டச் சொல்வது கல்வி ஆகாது. வகுப்பில் ஒரு பூர்வகுடிப் பிள்ளை உட்கார்ந்திருக்கலாம்; மற்றவர்களின் பாடத்துக்காக அதன் காயத்தைக் கிளறும் உரிமை எவருக்கும் இல்லை. ஆகவே பாடத்தை வடிவமைப்பதிலும் நடத்துவதிலும் பூர்வகுடிகளே முன்னிற்க வேண்டும். 2015இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் முன்வைத்த 94 அறைகூவல்களில் 62ஆவது, மழலையர் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை இந்த வரலாற்றைக் கட்டாயப் பாடமாக்கக் கோருகிறது. அதிலும் பாடத்தைப் பூர்வகுடிகளுடனும், உறைவிடப் பள்ளிகளிலிருந்து மீண்டவர்களுடனும் கலந்தே உருவாக்க வேண்டும் என்கிறது.

இது நமக்குத் தொலைதூரச் செய்தி அல்ல. தோள்சீலைப் போராட்டம் இடம்பெற்ற பாடத்தை 2019இல் என்சிஇஆர்டி 9ஆம் வகுப்புப் புத்தகத்திலிருந்து நீக்கியபோது, “பாடச் சுமை” என்றுதான் காரணம் சொன்னார்கள். சுமை யாருக்கு? அந்த வரலாற்றைச் சுமந்தவர்களுக்கா, அதைக் கேட்கக் கூசுகிறவர்களுக்கா?

மாணவத் தோழர்களே, எந்த வகுப்பறையிலும் முதலில் இதைக் கேளுங்கள்: பாடத்தில் நிலம் இருக்கிறதா, சட்டம் இருக்கிறதா, மடித்தவர் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் அது வரலாறு அல்ல, வெறும் அலங்காரம்.