நடமாடும் வீட்டிற்கு மின்சாரம்

கொத்மலைவாசிகளாகிய நாம் மின்சாரத்தைப் பற்றிக் குறை கூறினால் வெளியூர் அன்பர்கள் நகைப்பர். "அணைக்கட்டுக்கு அருகில் இருந்துகொண்டு மெழுகுதிரி தேடுகிறீர்களோ?" என்று கேட்பர். அவர்கள் கேள்வியிலும் நியாயம் உண்டு. ஒருபுறம் 201 மெகாவாற்று வலுவுடைய கொத்மலை நிலத்தடி மின்நிலையம். மறுபுறம் தலவாக்கலையில் அணைகட்டி 2012ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் 150 மெகாவாற்று மேல் கொத்மலைத் திட்டம். ஆயினும் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது, இவ்விரண்டுக்கும் இடையில் இருந்த எமது வீட்டிலும் இருளே குடிகொண்டது. பின்னர் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதென்று அறிவித்தார்கள். இலங்கையை எரித்த வானரத்தை இதிகாசத்தில் அறிந்திருந்தோம். அணைத்த வானரத்தை அன்றுதான் அறிந்தோம்.

மின்வெட்டுக்கு அஞ்சி வீட்டில் இன்வேட்டர் பூட்டிக்கொண்டவர்கள் எமது அயலில் சிலர் உளர். ஆனால் இவ்வாரம் நாம் கூற வந்தது வீட்டு இன்வேட்டரைப் பற்றியன்று. வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறவர்களுக்கு வேண்டிய இன்வேட்டரைப் பற்றியது. மேனாட்டார் படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி யாவும் அமைந்த மோட்டார் வீடுகளில் மாதக்கணக்காகச் சுற்றுவார்கள். நம்மவர்க்கு அவ்வளவு வசதி ஏது? எமது தமக்கையாரின் மகன் தன்னுடைய பழைய வானில் பின் ஆசனங்களைக் கழற்றிப் பலகைக் கட்டில் ஒன்றும், பாத்திரங்கள் வைக்க ஒரு சிறு தட்டும் அமைத்தான். சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் போய்வரவேண்டும் என்பது எமது தாயாரின் நெடுநாள் ஆசை. அவருக்கு வயது எழுபத்து நான்கு, ஆஸ்துமாக்காரர். திருவிழாக் கூட்டத்தில் மன்னாரில் அறை கிடைப்பது அரிது. ஆகவே வானே சத்திரமாயிற்று.

"பாட்டியின் நெபுலைசருக்கு மின்சாரம் வேண்டுமே மாமா, நானே ஏற்பாடு செய்துவிட்டேன்" என்று கூறி, கொழும்பில் ஒரு கடையில் வாங்கிய இன்வேட்டரைக் கொண்டுவந்து வைத்தான் மருமகன். அதன் நெற்றியில் 2000 வாற்று என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடிப்பக்கத்து நுண்ணெழுத்தைப் படித்தோம். தொடர்ந்து தரக்கூடியது 800 வாற்றுத்தான். 2000 என்பது கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும். இது முதற் பாடம். நெற்றியில் உள்ள எண்ணை நம்பற்க. தொடர்ச்சியான வலு எவ்வளவென்று கடைக்காரரிடம் கேட்டு, அதனைப் பற்றுச்சீட்டில் எழுதுவித்துக்கொள்க.

இரண்டாம் பாடம் அதனினும் கடுமையானது. பயணத்துக்கு மூன்று கிழமைக்கு முன் வானை முற்றத்தில் நிறுத்தி, நெபுலைசரை அதில் மாட்டிப் பார்த்தோம். இயந்திரம் வண்டு போல் உறுமிற்று. புகைபோல் எழவேண்டிய மருந்து மெலிந்து வந்தது. ஐந்து நிமிடத்தில் பெட்டி தொடமுடியாதபடி சுட்டது. அதே கருவியை வீட்டுச் சுவரில் மாட்டியபோது வழக்கம்போல் ஒழுங்காக இயங்கியது. தாயார் திண்ணையில் இருந்து இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வராவிட்டால் என்ன, நீங்கள் போய் வாருங்கள்" என்றார். எமக்கு அன்றிரவு உணவு இறங்கவில்லை.

குற்றம் எங்கே என்பதைச் சற்று விளக்குவோம். பற்றரி தருவது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். வானில் அது 12 வோல்ற்று. நம் வீட்டுச் சுவரில் வருவதோ 230 வோல்ற்று ஆடலோட்டம். செக்கனுக்கு 50 முறை முன்னும் பின்னும் அலையும். முன்னதைப் பின்னதாக்குவதே இன்வேட்டரின் தொழில். இது புதிய வித்தையன்று. வால்வு வானொலிகள் இருந்த காலத்தில், மோட்டார் வண்டி வானொலிக்குள் வைபிரேட்டர் என்றொரு சிறு நாக்கு அடித்துக்கொண்டே இருந்து பற்றரியின் மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக்கித் தரும். அதன் இரைச்சலைக் கேட்ட முதியோர் இன்னும் இருக்கக்கூடும். இன்று அந்த நாக்கின் வேலையைத் திரான்சிஸ்டர்கள் ஓசையின்றிச் செய்கின்றன. ஆனால் எல்லா இன்வேட்டர்களும் ஒரேவிதமாகச் செய்வதில்லை. மின்நிலையத்து ஆடலோட்டம் எம்மூர்க் குன்றுகளைப் போல வளைந்து ஏறி வளைந்து இறங்கும். விலை மலிந்த இன்வேட்டரின் ஓட்டமோ, தேயிலை மலையில் வெட்டிய படிக்கட்டுப் போலத் திடீரென ஏறித் திடீரென இறங்கும். மின்குமிழும் மின்னழுத்தியும் இவ்வேற்றுமையைப் பொருட்படுத்தா. மோட்டாரும் காற்றழுத்தியும் உள்ள கருவிகளோ அதனால் சூடேறி, உறுமி, வலுவிழக்கும். எமது நெபுலைசருக்கு நேர்ந்தது இதுவே. குன்று போன்ற வளைவைத் தருவதைத் 'தூய சைன் அலை' என்று பெட்டியில் குறித்திருப்பார்கள். விலை கூடுதல்தான். மருத்துவக் கருவி ஒன்று வண்டியில் இருக்குமாயின் அவ்விலையில் பேரம் பேசலாமேயன்றி அலையில் பேரம் பேசலாகாது.

எத்துணை பெரிதாக வாங்குவது என்பது அடுத்த வினா. பலரும் பெரிதே நன்றென எண்ணுகின்றனர். இன்வேட்டர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. பற்றரியில் உள்ளதை உருமாற்றித் தருகிறது, அவ்வளவே. மருமகன் வைத்திருந்தது 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரி. 12 வோல்ற்றினால் பெருக்கினால் 1200 வாற்று-மணி. ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் குன்றும், ஆகவே 600. உருமாற்றத்தில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் கைக்கு வருவது ஏறத்தாழ 500. இச்சிறு உண்டியலை வைத்துக்கொண்டுதான் ஓர் இரவைக் கழிக்கவேண்டும். 2000 வாற்றுப் பெரிய இன்வேட்டர் ஒன்றும் செய்யாமல் விழித்திருப்பதற்கே 20 வாற்று அளவில் உண்ணக்கூடும். பத்து மணி நேரத்தில் 200 வாற்று-மணி போயிற்று. வேலைக்காரனுக்குச் சம்பளம் கொடுத்தே வீட்டுக்காரன் ஓட்டாண்டியான கதை!

ஒரு மாலை எமது தமக்கையாரும் மருமகனும் நாமும் ஒரு கடதாசியை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தோம். நெபுலைசர் 150 வாற்று. ஒருமுறை பிடிக்கப் பத்து நிமிடம். ஆக 25 வாற்று-மணி. நான்கு முறை பிடித்தாலும் 100தான். தமக்கையார் கொண்டுவர எண்ணிய மின்கேத்தலோ ஒரு லீற்றர் நீரைக் கொதிக்கவைக்கவே 100க்கு மேல் கேட்கும். ஒரு வேளைத் தேநீருக்கு நான்கு வேளை மூச்சு! ரைஸ் குக்கர் 700 வாற்றில் அரைமணி நேரம் என்றால் 350. மலையேறினால் அது இன்னும் இழுக்கும். நுவரெலியா உயரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் அரிசி வேகத் தாமதமாகும் என்பதை எம்மலைப் பெண்மணிகளுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. தமக்கையார் நெடுநேரம் கடதாசியையே பார்த்திருந்தார். பின்னர் கேத்தலையும் குக்கரையும் தம் கையாலேயே அடித்துவிட்டார். சூடு வேண்டிய எதனையும் பற்றரியிடம் கேளாமல் எரிவாயு அடுப்பிடம் கேட்பதே முறை. அடுப்பை வானுக்கு வெளியே வைத்து மூட்டவேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

மிஞ்சியவற்றுள்ளும் இன்வேட்டர் வழியாகப் போகவேண்டியவை சிலவே. விளக்கு, காற்றாடி, கைபேசி ஆகியவற்றுக்கு 12 வோல்ற்றிலேயே கருவிகள் கிடைக்கின்றன. 12-ஐ 230 ஆக்கிப் பின்னர் கைபேசிக்காக அதனை 5 ஆக்குவது, கண்டிக்குப் போகக் காலியைச் சுற்றுவது போலாம். குளிர்ப்பெட்டியும் 12 வோல்ற்றில் உண்டு. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத்தான் வைப்பேன் என்பவர், அதன் காற்றழுத்தி கிளம்பும் கணத்தில் வழக்கமான வலுவைப்போலப் பன்மடங்கு கேட்கும் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். எமது கணக்கில் இறுதியாக இன்வேட்டருக்கென நின்றது நெபுலைசர் ஒன்றுதான். அதற்கு 600 வாற்றுத் தூய சைன் அலை இன்வேட்டர் தாராளம் எனத் துணிந்து, முன்னையதைக் கொடுத்து, மேலும் பணம் கட்டி மாற்றிக்கொண்டோம்.

கம்பியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 12 வோல்ற்றில் 1500 வாற்று எடுத்தால் ஏறத்தாழ 140 அம்பியர் ஓடும். வீட்டுச் சுவர்க் கம்பியைக் கொண்டு அதனை இணைத்தால் கம்பி உருகி வண்டியே எரியலாம். கம்பி தடிப்பாகவும் குட்டையாகவும் இருக்கவேண்டும். பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் தக்க பியூஸ் இருக்கவேண்டும். இன்வேட்டரைத் தலையணைக்கும் போர்வைக்கும் அடியில் ஒளித்துவைத்தல் கூடாது; அதற்கும் மூச்சு விட இடம் வேண்டும். ஈயப் பற்றரி ஏறும்போது எரியக்கூடிய வாயு வெளிப்படும். அதற்கு வெளிக்காற்று வேண்டும். புசல்லாவை வளைவுகளில் அது உருளாதபடி வார் போட்டுக் கட்டினோம். வண்டியைக் கிளப்பும் பற்றரியை இதனோடு சேர்க்கவில்லை. என்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைத்து, நின்றதும் பிரித்துவிடும் ரிலே ஒன்றைப் பொருத்துவித்தோம். இல்லையேல் இரவெல்லாம் காற்றாடி சுழலும்; காலையில் வண்டியைத் தள்ள ஆள் தேடவேண்டும். லித்தியம் பற்றரி இலேசானது, பெரும்பகுதியையும் வடிக்கலாம். ஆயினும் அதற்கேற்ற ஏற்றும் கருவி தனியே வேண்டும், விலையும் எமக்கு எட்டவில்லை.

இவ்வளவும் செய்தபின்னரும் ஓர் ஐயம் நின்றது. பெட்டி பழுதானால்? வைத்தியரிடம் கேட்டோம். கையில் பிடித்து இழுக்கும் பம்பையும் அதனோடு பொருத்தும் குழாயையும் எழுதித்தந்து, தாயாருக்குப் பழக்கியும் விட்டார். மின்சாரமே வேண்டாத அந்த ஏற்பாட்டை முதலில் நினையாதது எமது பிழையே.

கண்டி, தம்புள்ளை, மதவாச்சி வழியாக மன்னார் போய்ச் சேர்ந்தோம். கொத்மலைக் குளிரில் பழகிய எமக்கு அந்தப் புழுக்கம் பெரிதாயிருந்தது. சிறு காற்றாடி இரவு முழுவதும் சுழன்றது. இரண்டாம் சாமப் பூசை முடிந்து வந்தபோது, கூட்டத்தின் புழுதியினால் தாயாருக்கு இழுப்புக் கண்டது. மருமகன் ஆளியைப் போட்டான். உறுமல் இல்லை, மருந்து வெண்புகையாய் எழுந்தது. பத்து நிமிடம் கழித்து முகமூடியைக் கழற்றிய தாயார், "மூன்றாம் சாமத்துக்கு மணி அடித்துவிட்டதா?" என்று கேட்டார். இல்லை என்றதும் தேநீர் வேண்டும் என்றார். தமக்கையார் வீட்டிலிருந்து கொண்டுவந்த சுடுநீர்ப் போத்தலைத் திறந்தார்.